அவளையே கூப்பிட்டுக் கேளுங்கள்: ஓட்டு லிஸ்ட் எடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பிஎல்ஓ தங்கச்சிகளுக்கும் தம்பிகளுக்கும்,

வணக்கம். அரசுக் கடிதங்களில் உங்களை 'வாக்குச்சாவடி நிலை அலுவலர்' என்று எழுதுகிறார்கள். தெருவில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. "ஓட்டு லிஸ்ட் டீச்சர் வந்திருக்காங்க" என்பார்கள். நானும் அப்படிக் கூப்பிடப்பட்டவள்தான். தாமிரபரணிக் கரையில் ஒரு ஊரில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்தேன். 1990-களில் கணக்கெடுப்பாளர், அப்புறம் பிஎல்ஓ. பரீட்சை அட்டையில் படிவத்தைச் செருகிக்கொண்டு, சாயங்காலம் பள்ளி விட்டதும் தெருத்தெருவாக நடப்பேன். ஒரு தடவை நாய் கடித்து ஊசியும் போட்டுக்கொண்டேன். ஆகவே உங்கள் பாடு தெரியாமல் எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள்.

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தார். நல்ல பையன். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, என் வீட்டுக்காரரிடம், "வீட்ல லேடீஸ் ஓட்டு எத்தனை சார்?" என்றார். "ரெண்டு" என்றார் இவர். என் பெயரைச் சரியாகச் சொல்லிவிட்டார். நாற்பது வருஷம் ஆயிற்றே! மருமகள் பெயரைக் கேட்டபோது, வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொன்னார். அந்தத் தம்பியும் பேனாவை எடுத்துவிட்டார். உள்ளே மாவு அரைத்துக்கொண்டிருந்த நான் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஓடி வந்தேன். மருமகள் மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சத்தம் கொடுத்திருந்தால் இறங்கி வந்திருப்பாள்.

அந்தத் தம்பி மேல் எனக்குக் கோபம் இல்லை. நானும் இதே காரியத்தைச் செய்தவள்தான், இன்னும் மோசமாக. அதைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பழைய கதை.

பெண்களுக்கு ஓட்டுரிமை வந்த வரலாறு என்றதும் இங்கிலாந்தில் பெண்கள் ஊர்வலம் போனது, சிறைக்குப் போனது, உண்ணாவிரதம் இருந்தது எல்லாம் நினைவுக்கு வரும். நம் பக்கத்துக் கதை அவ்வளவு சத்தம் இல்லாதது. எந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதுதான் இங்கே ஆரம்பம் முதல் பிரச்சினை.

1917 டிசம்பரில், பிரிட்டிஷ் அரசில் இந்தியா மந்திரியாக இருந்த மாண்டேகு அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்கச் சென்னைக்கு வந்தார். அந்த வருஷம்தான் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியிருந்தது. சங்கத்தின் மார்கரெட் கசின்ஸ், பெண் கல்வி பற்றிப் பேச நேரம் கேட்டு எழுதினார். அரசியல் விஷயமாக வரும் குழுக்களை மட்டுமே பார்ப்பார்கள் என்று பதில் வந்தது. அப்படியா, சரி, அரசியலே பேசுகிறோம் என்று ஓட்டுரிமைக் கோரிக்கையை எழுதிக்கொண்டு, சரோஜினி நாயுடு தலைமையில் போய் நின்றார்கள். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அந்த மறுப்புக் கடிதம் வராமல் இருந்திருந்தால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பியிருப்பார்களோ என்னவோ.

யார் யாருக்கு ஓட்டு கொடுக்கலாம் என்று பார்க்க அடுத்து வந்த சவுத்பரோ குழு, இந்தியப் பெண்களுக்கு ஓட்டு இப்போது சரிப்பட்டு வராது, சமூக வழக்கம் இடம் தராது என்று எழுதிவிட்டது. லண்டன் நாடாளுமன்றம், அந்தந்த மாகாணச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளட்டும் என்று கைகழுவியது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த சென்னை மாகாணச் சட்டமன்றம், 1921-ல் பெண் என்பதற்காக இருந்த தடையை நீக்கியது. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் சென்னைதான் முதல். கைதூக்கியவர்கள் அத்தனை பேரும் ஆண்கள். அந்த அவையில் ஒரு பெண்கூடக் கிடையாது.

தடை போயிற்று. ஆனால் ஓட்டு வந்ததா? அப்போது ஆணுக்கும்கூட எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து இருக்க வேண்டும், வரி கட்ட வேண்டும். ஒரு பெண் ஓட்டுப் போட வேண்டும் என்றால் பட்டாவிலோ வரிச் சீட்டிலோ அவள் பெயர் இருக்க வேண்டும். உங்கள் கொள்ளுப்பாட்டி பேரில் பட்டா இருந்ததா என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் இல்லை. வயலில் நாற்று நட்டவள் அவள், பட்டா தாத்தா பேரில்.

1926-ல் பெண்கள் சட்டமன்றத்துக்குள் போகவும் வழி திறந்தது. அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த மங்களூரில் கமலாதேவி சட்டோபாத்யாய் போட்டியிட்டுச் சொற்ப ஓட்டில் தோற்றார். புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நியமன உறுப்பினராகப் போய், 1927-ல் சட்டமன்றத் துணைத் தலைவரானார்.

அடுத்து 1935-ம் வருஷச் சட்டம். அது பெண்களுக்கு இன்னும் இரண்டு வழிகளைத் திறந்தது. எழுதப் படிக்கத் தெரிந்தால் ஓட்டு. இல்லையென்றால், சொத்துள்ள ஒருவரின் மனைவியாகவோ விதவையாகவோ இருந்தால் ஓட்டு. நம் பெண்கள் இதைக் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். 1933-ல் முத்துலட்சுமி ரெட்டி, ராஜகுமாரி அம்ரித் கவுர், பேகம் ஹமீத் அலி மூவரும் லண்டனில் நாடாளுமன்றக் குழு முன்னால் சாட்சியம் சொன்னார்கள். மனைவி என்ற கணக்கில் எங்களுக்கு ஓட்டு வேண்டாம், வயது வந்த ஒவ்வொருவருக்கும் கொடுங்கள் என்பதுதான் மாதர் சங்கங்களின் நிலை. எடுபடவில்லை. 1921-ல் பட்டாவில் அவள் பெயர் இருந்தால் ஓட்டு. 1935-ல் பட்டாவில் அவர் பெயர் இருந்தாலும் அவளுக்கு ஓட்டு. கொஞ்சம் தாராளம்தான், ஆனாலும் ஓட்டு என்னவோ அவர் கணக்கில் வந்ததுதான்.

1950 ஜனவரி 26 அன்று அந்தக் கணக்கெல்லாம் முடிந்தது. அரசியலமைப்பின் 326-வது பிரிவு, வயது வந்த ஒவ்வொருவருக்கும் ஓட்டு என்கிறது. அன்றைக்கு வயது 21, 1989-ல்தான் அது 18 ஆயிற்று. 325-வது பிரிவு, மதம், இனம், சாதி, பால் எதைச் சொல்லியும் யாரையும் பட்டியலில் சேர்க்காமல் விடக்கூடாது என்கிறது. இனிமேல் பட்டா வேண்டாம், புருஷன் வேண்டாம், படிப்பு வேண்டாம். அவள் பெயர் இருந்தால் போதும்.

அந்தப் பெயரில்தான் சிக்கல் வந்தது.

அரசியலமைப்பை எழுதி முடிக்கும் முன்பே, 1948-லேயே பட்டியல் வேலை தொடங்கிவிட்டது. உங்களையும் என்னையும் போல யாரோ ஒருவர் படிவத்தை எடுத்துக்கொண்டு வாசல் வாசலாகப் போயிருக்கிறார். வட இந்தியாவில் பல இடங்களில் பெண்கள் அந்நிய ஆளிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. வழக்கமில்லை. இன்னார் பெண்டாட்டி, இன்னார் அம்மா, இன்னார் மகள் என்றுதான் பதில் வந்தது. கேட்டவரும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். இருட்டுவதற்குள் தெருவை முடிக்க வேண்டாமா? அந்த அவசரம் எனக்குத் தெரியும்.

முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென், கணிதம் படித்த ஐசிஎஸ் அதிகாரி. விஷயம் அவர் பார்வைக்கு வந்தபோது, பெயர் இல்லாமல் வாக்காளர் இல்லை என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மறுபடியும் போய் சொந்தப் பெயரைக் கேட்டு எழுதச் சொன்னார்கள். பீகாருக்குக் கூடுதலாக ஒரு மாதம் கொடுத்தார்கள். அப்படியும் பெயர் வராத பதிவுகளை அடித்துவிட்டார்கள். நாடு முழுக்கச் சுமார் 8 கோடிப் பெண் வாக்காளர்கள். அதில் அடிபட்டவர்கள் ஏறக்குறைய 28 லட்சம் பேர். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், மத்திய பாரதம், விந்தியப் பிரதேசம் (கடைசி இரண்டும் பிறகு மத்தியப் பிரதேசத்தோடு சேர்ந்துவிட்டன). 28 லட்சம் என்றால் எவ்வளவு? 2011 கணக்கெடுப்பில், பிரிக்காத எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் கைக்குழந்தை முதல் கிழவி வரை மொத்தமே 30 லட்சத்துச் சொச்சம்.

இதை முதலில் படித்தபோது சென் மேல் எரிச்சலாக வந்தது. வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு ஓட்டு கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு, அவள் வெட்கத்துக்குத் தண்டனையா? யோசிக்க யோசிக்க மனது மாறியது. 'இன்னார் மனைவி' என்ற பதிவை அவர் ஏற்றுக்கொண்டிருந்தால் 1935-ம் வருஷச் சட்டம் பின்வாசல் வழியாகத் திரும்ப வந்திருக்கும். இன்னார் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டால் அந்த ஓட்டு யாருடையது? வாசலில் யார் வந்து நின்று 'நான்தான் இன்னார் மனைவி' என்றாலும் ஓட்டுச் சீட்டைக் கொடுப்பதா? அவர் செய்தது சரிதான் என்று இப்போது நினைக்கிறேன். ஆனால் பாருங்கள், பெயரைச் சொல்லக்கூடாது என்ற வழக்கத்தை உண்டாக்கியது யாரோ, அழுத்திக் கேட்காமல் எழுதியது யாரோ, ஓட்டை இழந்தது மட்டும் அந்தப் பெண்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லக் கூச்சப்படுவதில்லை. வீட்டுக்காரர் பெயரைச் சொல்லத்தான் வாய் வராது. இப்போது குறைந்துவிட்டது. என் காலத்தில் இது ஒரு விளையாட்டு மாதிரி நடக்கும். ஒரு ஆச்சி, கணவர் பெயர் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "நம்ம திருச்செந்தூர்ல இருக்காகல்ல" என்றாள். முருகனா? இல்லை. செந்திலா? இல்லை. சுப்பிரமணியனா? ம்ஹூம். கடைசியில் ஒரு கை விரல் ஐந்தையும் விரித்து, மறு கையில் ஒரு விரலைச் சேர்த்துக் காட்டிவிட்டு, தன் முகத்தைத் தொட்டுக் காட்டினாள். ஆறுமுகம்! தெருவே சிரித்தது, அவளும் சேர்ந்து. இன்னொருத்தி, "உங்க சார் பேருதான் டீச்சர்" என்று என் வீட்டுக்காரர் பெயரை என் வாயால் சொல்ல வைத்துவிட்டாள்.

இதில் யோசிக்க ஒன்று உண்டு. அவள் ஓட்டுக்கு அவர் பெயர் எதற்கு? அடையாளத்துக்கு உறவினர் ஒருவர் பெயர் வேண்டும், அவ்வளவுதான். புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவம் 6-ஐ எடுத்துப் பாருங்கள். தந்தை, தாய், கணவர், மனைவி எல்லாருக்கும் இடம் இருக்கிறது. கல்யாணமான பெண் என்றால் கணவர் பெயர்தான் எழுத வேண்டும் என்று அதில் இல்லை. நாம்தான் தாலியைப் பார்த்ததும் 'கணவர்' என்று டிக் அடித்துவிடுகிறோம். அப்பா பெயரே இருக்கட்டும் என்று ஒரு பெண் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள். அவளுடைய பள்ளிச் சான்றிதழும் அந்த இனிஷியலில்தான் இருக்கும்.

கல்யாணம் என்றதும் இன்னொன்று. ஆண் பிள்ளைக்கு ஓட்டு ஏறினால் பெரும்பாலும் பட்டியலின் அதே பாகத்தில் கிடக்கும். பெண் பிள்ளைக்கு இரண்டு ஊர். கல்யாணம் ஆன மாதமே தாய்வீட்டுத் தெருவில் யாராவது, "அவ வாக்கப்பட்டுப் போயிட்டா, பேரை அடிச்சிருங்க" என்பார்கள். அடித்துவிடுவோம். அங்கே மாமியார் வீட்டில், "இப்பத்தானே வந்திருக்கா, ஆடி முடியட்டும், அடுத்த தடவை சேர்த்துக்கலாம்" என்பார்கள். நடுவில் ஒரு தேர்தல் வந்து போய்விடும். இடம் மாறியதற்குப் படிவம் 8 போதும் என்பது உங்களுக்குத் தெரியும், அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. ஒரு ஊரில் பெயரை அடிக்கும்போது, புது ஊரில் ஏறிவிட்டதா என்று அவளுக்கே ஒரு போன் போட்டுக் கேட்டால் என்ன? விதியில் இருக்கிறதோ இல்லையோ, என் கடைசி இரண்டு வருஷம் நான் கேட்டேன். பாதிப் பேருக்கு ஏறியிருக்கவில்லை.

பட்டியலில் ஏறிய பெயர் ஒட்டுமொத்தமாக இறங்கியதும் உண்டு. எங்கள் ஊர்க் கடைசித் தெருவில் சிலோன்காரர் வீடுகள் என்று நாலைந்து வீடு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து, இரு நாடும் 1964-ல் செய்துகொண்ட சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பி வந்தவர்கள். இலங்கையில் 1931-லேயே 21 வயதான பெண்களுக்கு ஓட்டு வந்துவிட்டது, நமக்கு இருபது வருஷம் முன்னால். பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தின் ஆக்னஸ் டி சில்வா, அரசியல் சீர்திருத்தம் பற்றி விசாரிக்க வந்த டொனமூர் குழு முன்னால் சாட்சி சொல்லும்போது, தோட்டத்து இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். ஆமாம், அவர்களும் பெண்கள்தானே என்றார் அவர். கொழுந்து பறித்த பெண்கள் பலர் ஓட்டும் போட்டார்கள். 1948-ல் குடியுரிமைச் சட்டம், 1949-ல் தேர்தல் சட்டத் திருத்தம். இரண்டும் சேர்ந்து மலையகத் தமிழர் பெயர்களைப் பட்டியலிலிருந்து துடைத்துவிட்டன, ஆண் பெண் எல்லாரையும். அந்தத் தெருவில் ஒரு பாட்டி, நான் லிஸ்ட் எடுக்கப் போகும்போதெல்லாம், பெயரை எழுதி முடித்த பிறகும் நகர மாட்டாள். "இருக்கா? நல்லாப் பாரு தாயி, இருக்கா?" என்று இரண்டு தடவை கேட்பாள். ஆரம்பத்தில் எனக்கு அது தொந்தரவாக இருந்தது.

இன்றைய நிலைமை உங்களுக்கே தெரியும். 1962 மக்களவைத் தேர்தலில் ஆண்கள் 63 சதவீதம் ஓட்டுப் போட்டபோது பெண்கள் 47-ஐக்கூடத் தொடவில்லை. 2019-ல் பெண்கள் 67.18, ஆண்கள் 67.01. ஒரு நூல் அளவு முந்தினார்கள், 2024-லும் அப்படியே. தமிழ்நாட்டில் 2024 பட்டியலில் பெண்கள் சுமார் 3.17 கோடி, ஆண்கள் 3.06 கோடி. கட்சிக்காரர்கள் எல்லாரும் 'தாய்மார்களே' என்று ஆரம்பிப்பது சும்மா இல்லை. (234 இடத்தில் 2021-ல் ஜெயித்த பெண்கள் 12 பேர்தான். அது வேறு மடல்.) இவ்வளவு தூரம் வந்த பிறகும் வாசலில் நின்று "வீட்ல லேடீஸ் எத்தனை சார்?" என்று கேட்கிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். வேலையாக இருந்தால் இரண்டு நிமிஷம் நில்லுங்கள். எழுதியதை அவளுக்கே வாசித்துக் காட்டுங்கள், எழுத்துக்கூட்டிப் பார்க்கத் தெரிந்தவள் என்றால் அவளையே பார்க்கச் சொல்லுங்கள். படிக்காத பெண்தான் இதில் அதிகக் கவனமாக இருப்பாள்.

இனி, நான் செய்தது.

1995-ல், ஒரு வீட்டு வாசலில் மாமியார் மட்டும் இருந்தார். மருமகள் காட்டு வேலைக்குப் போயிருந்தாள், வாக்கப்பட்டு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பெயர் கேட்டேன். "அவ பேரு வாயில நுழையாது டீச்சர், நாங்க பாப்பான்னுதான் கூப்பிடுவோம்" என்றார். மணி ஆறரை. பாப்பா என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

1996 தேர்தலில் எனக்கு வேறு ஊரில் டியூட்டி. அந்தப் பெண் வேலை முடிந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கல்யாணச் சேலை கட்டிக்கொண்டு முதல் ஓட்டுப் போடப் போயிருக்கிறாள். வீட்டுக்காரன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போய்விட்டான். சிலிப் எழுதும் பந்தலில் பெயர் கேட்டிருக்கிறார்கள். அரசாங்கக் காரியம் ஆயிற்றே என்று, பள்ளிக்கூடத்தில் இருந்த முழுப் பெயரைச் சொல்லியிருக்கிறாள். தேடினார்கள். இல்லை. "உன் பேரு விட்டுப்போச்சும்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் என்னிடம் இதைச் சொன்னபோது அவள் குறையாகச் சொல்லவில்லை. "அடுத்த தடவையாவது என் பேரை எழுதுங்க டீச்சர்" என்றாள். பட்டியலைப் புரட்டிப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. திருத்தப் படிவம் எழுதிக் கொடுத்தேன். மாறவில்லை. மறுபடி எழுதிக் கொடுக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன், பிறகு அந்தத் தெரு வேறொருவர் பொறுப்புக்குப் போய்விட்டது.

2013-ல் பிஎல்ஓவாகத் திரும்ப அதே வாசலுக்குப் போனேன். மாமியார் இல்லை. அவளே மாமியார் ஆகும் வயதில் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இன்னும் பாப்பாதான். "இப்ப மாத்திரலாம், ஒரு கையெழுத்துப் போடு" என்று படிவம் 8-ஐ நீட்டினேன், பெயர் திருத்தத்துக்கும் அதுதான்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தாள். பட்டியலைப் பார்த்து வாக்காளர் அட்டை அடித்திருக்கிறார்கள். அட்டையைப் பார்த்து நூறு நாள் வேலைக்கு பேங்க் பாஸ்புக். பாஸ்புக்கைப் பார்த்து ஆதார். ஒவ்வொன்றாகத் திண்ணையில் பரப்பினாள். எல்லாவற்றிலும் பாப்பா.

"இருக்கட்டும் டீச்சர்" என்றாள். "இப்ப மாத்தினா எல்லாத்தையும் மாத்தணும். பள்ளிக்கூடப் பேரு எனக்கே மறந்துபோச்சு."

அன்புடன்,
ஓய்வு பெற்ற ஓட்டு லிஸ்ட் டீச்சர்